பாலைவன வெந்நீர் ஊற்றில் நேராக இறங்கலாமா?

கேள்வி: ஊரே இல்லாத பாலைவனப் பகுதியில் உள்ள இயற்கை வெந்நீர் ஊற்றுக்குப் போகிறோம். அறுபதைத் தாண்டிய அப்பாவும் பத்து வயது மகனும் வருகிறார்கள். போனதும் இறங்கிக் குளிக்கலாமா?

பதில்: குளிக்கலாம், சூட்டை அளந்த பிறகு. சூடான குளியல் தொட்டிகளுக்கே 40 டிகிரி செல்சியஸ்தான் உச்ச வரம்பு. ஊற்றுக்கு வரம்பு போட ஆள் கிடையாது. 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். கரையோரம் இதமாக இருக்கும் அதே குளத்தில், நீர் கொப்பளித்து வரும் இடத்தில் கால் வைக்க முடியாமல் போகலாம். சமையல் தெர்மாமீட்டரைக் கம்பில் கட்டி, இறங்கும் இடம், உட்காரும் இடம், அடிச்சேறு மூன்றிலும் பாருங்கள். நீர் தெளிவாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். பச்சை, ஆரஞ்சு நிறப் பாசிப் படலங்கள் 73 டிகிரிக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. பாசியே இல்லாமல் பளிச்சென்று நீலமாகத் தெரியும் குளம்தான் பல இடங்களில் ஆளைக் கொல்லும் சூடு. கொதிக்கும் ஊற்றைச் சுற்றியுள்ள வெள்ளைப் பொருக்கு மண் மெல்லியதாக இருக்கும், அதன்மேல் நடக்காதீர்கள்.

மகன் தலையை முக்கக் கூடாது, குதிக்கவும் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபவுலரி என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும். மிக அரிதான தொற்றுதான். ஆனால் வந்தவர்களில் பிழைத்தவர்கள் வெகு சிலர்.

அப்பாவுக்கு இரத்த அழுத்த மாத்திரையோ இதயக் கோளாறோ இருந்தால், கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள். சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். சட்டென்று எழுந்தால் தலைசுற்றும். பத்து நிமிடம் போதும், பிறகு கரையில் உட்காரட்டும். மது வேண்டவே வேண்டாம். நீருக்குள் வியர்ப்பது தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடிக்கச் சொல்லுங்கள். நடுப்பகலைத் தவிருங்கள்.

அழுகிய முட்டை வாடை கந்தகத்தால் வருவது, வெள்ளி நகைகள் கறுத்துவிடும். காற்றோட்டமில்லாத பள்ளத்தில் கடுமையாக வீசிய வாடை திடீரென்று மறைந்தால் நிம்மதி அடையாதீர்கள். அந்த வாடையைத் தரும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு மூக்கை மரத்துப்போகச் செய்யும். உடனே மேட்டுக்கு வந்துவிடுங்கள்.

பாதையைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் டெத் வேலி தேசியப் பூங்காவிலுள்ள சலைன் வேலி ஊற்றுகளை நினைத்துக்கொண்டு தயாராகுங்கள்: தார் போடாத நீண்ட சாலை, டயரைக் கிழிக்கும் கற்கள், பெட்ரோலும் செல்பேசி சிக்னலும் கிடையாது. குடிநீர் தலைக்கு நாளொன்றுக்கு 4 லிட்டராவது வேண்டும், வண்டி நின்றுபோனால் தாங்குவதற்குக் கூடுதலாகவும். திரும்பும் நேரத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். சோப்பு, ஷாம்பு எடுத்துப்போகாதீர்கள். அங்குள்ள விலங்குகளுக்கு அக்கம்பக்கத்தில் வேறு தண்ணீர் இருக்காது.