வல்லத்தின் கருமை எங்கே போயிற்று?

கேள்வி: பாம்பன், தேவிபட்டினம் கரையோர மீனவர் வாழ்க்கையைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறேன். கைப்பேசியில் எடுத்த படங்களைச் செயலியில் போட்டுப் பென்சில் ஓவியமாக மாற்றினேன். தார் பூசிய வல்லம் (நாட்டுப்படகு) வெறும் கோடாக நிற்கிறது. மணல் கொசு மொய்த்ததுபோல் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இப்படிப்பட்ட செயலிகள் பெரும்பாலும் ஓரங்களைத்தான் தேடும். ஒரே சீராகக் கறுத்த படகுடலில் ஓரமே இல்லை, அதனால் வெள்ளையாகிவிடுகிறது. மணலில் பருக்கைக்குப் பருக்கை ஓரம், அத்தனையும் புள்ளியாகிறது.

இலவச மென்பொருளான கிம்ப்பில் நீங்களே செய்யுங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, மணலையும் கடலையும் மட்டும் தேர்ந்தெடுத்து 3, 4 பிக்சல் காஸியன் பிளர் (மங்கலாக்கல்) கொடுங்கள். பிறகு தேர்வை நீக்கிவிட்டு, லேயரை (பட அடுக்கை) நகலெடுத்து, இன்வர்ட் செய்து (கறுப்பையும் வெள்ளையையும் தலைகீழாக்கி), லேயர் மோடை டாட்ஜ் ஆக்குங்கள். படம் முழுக்க வெளுத்துப்போகும், பயப்பட வேண்டாம். அந்த நகலுக்கு 8 முதல் 12 பிக்சல் பிளர் கொடுத்தால் கோடுகள் எழும். இனி, போன கருமையை மீட்க வேண்டும்: கறுப்பு வெள்ளைப் படத்தின் இன்னொரு நகலை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, மல்டிப்ளை மோடில் ஒபாசிட்டியை (அடர்த்தியை) 30–40 சதவீதம் விடுங்கள். வானத்தையும் மணலையும் மாஸ்க்கில் மறைத்துவிட்டால் அணியமும் (படகின் முன்பகுதி) நிழலும் மட்டும் கறுக்கும். வலைக்கண்களைப் பாதி அழித்துவிடுவது நல்லது, சிறிதாக்கும்போது அப்பிக்கொள்ளும்.

அச்சில் 4 அங்குல அகலத்துக்கு 1200 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக வந்தது சுருங்கியிருக்கும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். கிரேஸ்கேல் டிஃப் கோப்பாகக் கொடுங்கள். மேப்லித்தோ (பளபளப்புப் பூச்சில்லாத அச்சுத்தாள்) தாளில் மை பரவும் என்பதால் நடுச்சாம்பலைக் கர்வ்ஸில் சற்று வெளுத்து, ஒரு பக்கம் சோதனை அச்சு பார்ப்பது அவசியம்.

முகங்களுக்கு இந்த வித்தை சரிவராது. கையால்தான் வரைய வேண்டும். படத்தை மிக வெளிர் சயான் நிறத்தில் அச்சிட்டு, அதன்மேல் எச்பி, 2பி பென்சிலால் வரையுங்கள். 6பி வேண்டாம், ஸ்கேனர் வெளிச்சத்தில் பளபளத்து வெளிறும். கலரில் 600 டிபிஐ ஸ்கேன் செய்து நீலச் சேனலை மட்டும் வைத்துக்கொண்டால் சயான் மறைந்து பென்சில் நிற்கும். தாளை மட்டும் பாலித்தீன் உறையில் வையுங்கள். உங்கள் ஊர்க் காற்றில் நமுத்த தாள் ஸ்கேனர் கண்ணாடியில் படியாது. நெளிவெல்லாம் நிழலாக விழும்.