பாதி மொழிபெயர்ப்பு

அன்புள்ள ஐயா,

என் அப்பா அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர். சியாச்சின் குளிரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். யாழ்ப்பாணம் என்று ஆரம்பித்தால் "அத வுடு" என்று எழுந்து போய்விடுகிறார். நீங்களும் பட்டாளத்தைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், இலங்கை பற்றி ஒரு வரி இல்லை. ஏன்?

ச., குடியாத்தம்

அன்புள்ள ச.,

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். எழுதி எழுதிக் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

நான் சிக்னல்ஸ்காரன். 1987 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டை தொடங்கிய பிறகு ஒரு வடநாட்டுப் பட்டாலியனோடு அனுப்பினார்கள். தமிழ் தெரிந்தவன் என்பதால் ரேடியோ முன்னால் உட்கார்ந்ததைவிட செக்போஸ்ட்டில் நின்ற நேரம்தான் அதிகம். மற்ற ஜவான்களுக்கு அங்கே காதில் விழுந்ததெல்லாம் வெறும் சத்தம். எனக்குச் சபிப்பதும் புரிந்தது, கெஞ்சுவதும் புரிந்தது.

ஒரு நாள் ஒரு கிழவி என் பேச்சைக் கேட்டுவிட்டு, "தம்பி, நீர் தமிழ் ஆளோ?" என்றார். அப்புறம், "என்ர பெடியனைக் கண்டனீரோ?" பத்து நிமிஷம் பேசியிருப்பார். என்ன சொல்கிறாள் என்று பின்னால் நின்ற சுபேதார் கேட்டார். "மகனைத் தேடுகிறார், சாப்" என்று இந்தியில் சொன்னேன். மீதியை இன்றுவரை எந்த மொழியிலும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை, மன்னியுங்கள்.

1990 மார்ச்சில் படை சென்னைக்குத் திரும்பியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. எனக்கு அதில் பெரிய கோபம் கிடையாது. கோபமெல்லாம் எங்கள் ஊர் டீக்கடை மேல்தான். லீவில் வந்தபோது, "தமிழனையே சுட்டுட்டு வந்திருக்கான்" என்று காதுபடச் சொன்னார்கள். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அடுத்த லீவில் அதே பெஞ்சில் அதே ஆள், "அப்பவே எல்லாரையும் முடிச்சிட்டு வந்திருக்கணும், மிலிட்டரி!" நடுவில் 14 மாதம்தான். கேன்டீன் பாட்டில் கேட்பதை மட்டும் இரண்டு தடவையும் மறக்கவில்லை.

பென்ஷனில் வந்து வேலூரில் ஒரு நகைக்கடைக்கு நைட் வாட்ச்மேன் ஆனேன். கோட்டை அகழி ஓரமாகத்தான் வேலைக்குப் போவேன். அப்போது உள்ளே திப்பு மகாலில் புலிகளை அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களில் யாராவது அந்தக் கிழவியின் ஊர்க்காரனாக இருப்பானோ என்று தோன்றும். தோன்றி என்ன, உள்ளே போய்க் கேட்கவா முடியும்? 1995 ஆகஸ்டில் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பிவிட்டார்கள். ஊரே அதைத்தான் பேசியது. எனக்கோ, இனிமேல் விசாரிக்க ஆளில்லை என்றுதான் முதலில் பட்டது.

அப்பாவிடம் சண்டையைப் பற்றிக் கேட்காதீர்கள். அங்கே யார் வீட்டிலாவது சாப்பிட்டாரா என்று கேளுங்கள். சொதி என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தால், சாப்பிட்டிருக்கிறார்.