பொங்கலுக்குள் முடியுமா? ஜன்னல், பாலிஷ், பட்டி

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி 'பொங்கலுக்குள் முடிந்துவிடுமா?' என்றுதான் முடிகின்றன. சிலது முடியும். முதல் கேள்வியில் இருப்பது முடியாது.

கேள்வி: ஐப்பசி மழையிலிருந்து ஹால் ஜன்னல் கதவு மூடவே மாட்டேன் என்கிறது. தச்சர் இழைத்துவிடலாம் என்கிறார். சரியா? (வாசகி, மயிலாப்பூர்)

இப்போது இழைப்புளியைத் தொடவே வேண்டாம். மரம் ஈரத்தைக் குடித்தால் அகலத்தில்தான் உப்பும். நீளத்தில் அசைவது மிகக் குறைவு. உங்கள் கதவு பக்கவாட்டில் நிலையை இடிப்பது அதனால்தான். இன்று இழைத்தால் இன்று மூடும். பங்குனி வெயிலில் மரம் சுருங்கியதும் சந்து விழுந்து, கொசுவும் தூசியும் அந்த வழியாக வரும். என் வீட்டுச் சமையலறை ஜன்னலில் அவசரப்பட்டு இழைத்தவன் நான். பிறகு அதே விளிம்பில் ரீப்பர் (மெல்லிய மரப்பட்டை) ஒட்டி அடைத்தேன்.

முதலில் மேல் கீலைப் பாருங்கள். திருகு தளர்ந்தால் கதவு தொங்கிக் கொண்டிப் பக்கத்துக் கீழ்மூலை தட்டும்; அதற்கு மழைமேல் பழி போடக்கூடாது. துளையில் ஃபெவிகால் தடவிய தேக்குச் சிம்பை அடித்து, காய்ந்தபின் திருகை ஏற்றுங்கள். இடிக்கும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு மாசிவரை ஓட்டலாம். அப்போதும் இடித்தால் கொஞ்சமாக இழைக்கலாம்.

இன்னொன்று. கதவின் அடிவிளிம்புக்கு நேராக ஒரு சின்னக் கண்ணாடியை நீட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே பெயின்ட் இருக்காது. சட்டத்தின் வெட்டுமுகம், அதாவது நார் அறுபட்ட முனை, அங்கேதான் இருக்கிறது; மரம் அதிகமாக ஈரம் இழுப்பதும் அந்த முகத்தில்தான். மரம் காய்ந்ததும் கதவைக் கழற்றி, மேல்விளிம்புக்கும் அடிவிளிம்புக்கும் பிரைமரோடு இரண்டு கோட் அடித்தால் அடுத்த மழைக்கு இந்தத் தொல்லை பாதியாகும்.

கேள்வி: புதுக் கதவுக்குப் பளபளப்புக்காக அடித்த லாக்கர் பூச்சு பால் கொட்டினதுபோல் வெளுத்துவிட்டது. மரம் கெட்டுவிட்டதா? (வாசகர், கும்பகோணம்)

மரம் கெடவில்லை. லாக்கரை இளக்கக் கலக்கும் தின்னர் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. மார்கழிக் காற்றின் ஈரம் அதில் படிந்து சிக்கிக்கொள்கிறது. விடியலிலோ பொழுதுசாய்ந்தோ அடித்திருப்பார்கள். நல்ல வெயில் நாளில், 11 மணிக்கு மேல், தின்னரை மட்டும் மெல்லிய தூவலாக அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல சமயம் வெளுப்பு மறையும். மறையாவிட்டால் உப்புத்தாள் போட்டு, மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்து மறுபடி ஒரு கோட். இது பொங்கலுக்குள் முடியும்.

கேள்வி: கண்ணாடியைச் சுற்றி அடிக்கும் மெல்லிய மரச்சட்டமான பீடிங்கின் மூலைகளில் நூல் அளவு இடைவெளி. (வாசகர், மதுரை)

அதே மரத்தின் தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைக்கலாம். ஆனால் வழிந்த பசையை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்; பசை பட்ட இடம் பாலிஷை ஏற்காது, திட்டாகத் தெரியும்.

கேள்வி: தாத்தா காலத்து ஜன்னலின் பச்சைப் பெயின்டைச் சுரண்டிப் புதிதாக அடிக்க ஆசை. (வாசகி, காரைக்குடி)

உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போடுங்கள், நல்ல முகக்கவசம் அணியுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கேள்வி: காலையில் ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் தண்ணீர் வழிகிறது, கீழ்ச்சட்டத்தில் பெயின்ட் உரிகிறது. (வாசகர், ஊட்டி)

அது ஒழுகல் இல்லை. உங்கள் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த கண்ணாடியில் நீராகின்றன. காலையில் துடையுங்கள், பகலில் ஜன்னலைச் சற்றுநேரம் திறந்து வையுங்கள். உரிந்த இடத்தில் மறுபடி அடிப்பதானால், தண்ணீர் கலக்கும் பெயின்டுக்குப் பொதுவாக 10 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அது காயும்வரை. மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். குளிருக்கு அஞ்சி எல்லாவற்றையும் அடைத்து உள்ளே கரி மூட்டுவது மட்டும் வேண்டாம். அதிலிருந்து வரும் நச்சுவாயு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

கேள்வி: ஜன்னல் கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்க ஆளிவிதை எண்ணெய்ப் பட்டி இன்னும் பயன்படுமா? (வாசகர், நாகர்கோவில்)

தாராளமாக. மேலே தோல் கட்டிய பிறகே பெயின்ட். இந்த ஈரத்தில் இரண்டு வாரம்கூட ஆகலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நனைத்து, வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துப் போடுங்கள்.