கேள்வி-பதில்: வானத்தில் வாடகைக்குக் குடியிருப்பவர்

கேள்வி: எங்கள் வீட்டு டிவி தட்டு (டிஷ் ஆண்டெனா) பார்க்கும் மலேசியாவின் மீசாட் செயற்கைக்கோளில் கொரியாக்காரர்களுக்கும் பங்கு உண்டு என்கிறான் என் அக்காள் மகன். நம் செயற்கைக்கோளில் அவர்களுக்கு என்ன வேலை?
- வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: பையன் சொன்னது கிட்டத்தட்ட சரி, ஆனால் பங்கு என்பதைவிட வாடகைக்குக் குடியிருக்கிறார்கள் என்று சொல்லலாம். 2022 ஜூன் 22-ல் (நமக்கு அப்போது 23 விடியற்காலை) பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான் 5 ராக்கெட்டில் போன மீசாட்-3டியில் தென் கொரியாவுக்கான கருவி ஒன்று இருக்கிறது. விமானங்களுக்கு ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் வரும் பிழையைத் திருத்திக் கொடுப்பது அதன் வேலை. இப்படி வாடகைக்கு விடுவது புதிதும் இல்லை, 2014-ல் போன மீசாட்-3பியில் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் இடம் பிடித்திருந்தது. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் நின்றால்தான் செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்து சுற்றி நம் கண்ணுக்கு நகராமல் நிற்கும், எல்லா நாட்டுக்காரரும் வரிசை கட்டுவது அந்த ஒரே வளையத்துக்குத்தான். இவ்வளவு செலவு செய்து மேலே அனுப்பும்போது மிச்ச இடத்தையும் மின்சாரத்தையும் சும்மா விடுவார்களா? வீடு கட்டியவர் மாடியை வாடகைக்கு விடுகிற மாதிரிதான்.

கேள்வி: அவ்வளவு பெரிய சமாசாரம் என்றால், சாயங்கால மழைக்கு டிவி நாடகம் ஏன் நின்றுபோகிறது?
- வாசகர், செந்தூல்

பதில்: கோளாறு மேலே இல்லை. வீட்டுத் தட்டுக்கு வருவது கேயூ பேண்ட் என்ற வகை ரேடியோ அலை, அலைநீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான், நம் ஊர் மழையின் பெரிய துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. சி பேண்ட் என்ற இன்னொரு வகை அலை அதைப்போல மூன்று மடங்கு நீளம், மழையை அவ்வளவாகச் சட்டை செய்யாது, ஆனால் அதற்கு வைக்க வேண்டிய தட்டு உங்கள் வரிசை வீட்டு வாசலில் காரை நிறுத்த விடாது. சின்னத் தட்டும் வேண்டும், மழையில் படமும் வேண்டும் என்றால் எப்படி?

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. மார்ச் 20, செப்டம்பர் 23 தேதிகளை ஒட்டிச் சில நாள், நல்ல வெயிலில், மதியம் இரண்டு மணி வாக்கில் படம் சில நிமிடம் போகும். அப்போது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது, அதன் இரைச்சலில் சிக்னல் அமுங்கிவிடுகிறது. தட்டு மாட்டுகிறவரைக் கூப்பிட்டு ஐம்பது வெள்ளி கொடுத்துவிடாதீர்கள், அவர் ஏணியைச் சாத்துவதற்குள் படம் வந்துவிடும்.