லூசிடானியா மூழ்கியதால்தான் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதா?

நேரடியாக இல்லை. 1915 மே 7 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி அந்த பிரிட்டிஷ் பயணிகள் கப்பலைத் தாக்கியபோது இறந்த 1,198 பேரில் 128 பேர் அமெரிக்கர்கள். ஆனால் போர் அறிவிப்பு வந்தது 1917 ஏப்ரல் 6-இல்தான். நடுவே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். 'நம்மைப் போரில் சிக்காமல் காத்தவர்' என்ற பிரசாரத்தோடுதான் அமெரிக்க அதிபர் வில்சன் 1916 தேர்தலில் வென்றார்.

இதற்குள் பணம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனியை முற்றுகையிட்டதால், நடுநிலை நாடு என்று சொல்லிக்கொண்டே அமெரிக்கா கடனும் சரக்கும் பெரும்பாலும் பிரிட்டன், பிரான்சுக்கே கொடுத்தது. அதற்காகவே போருக்குப் போனார்கள் என்பது மிகை. நடுநிலை வெறும் பெயரளவில் நின்றது என்பது உண்மை.

முடிச்சை இறுக்கியது ஜெர்மனியின் கணக்கு. எச்சரிக்கையின்றி எந்தக் கப்பலையும் மூழ்கடித்தால் பிரிட்டன் சில மாதங்களில் பணியும், அமெரிக்கப் படை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பி, 1917 பிப்ரவரி 1 முதல் அதைத் தொடங்கினார்கள். கூடவே ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் ஒரு தந்தி அனுப்பினார்: அமெரிக்காவோடு போர் மூண்டால் மெக்சிகோ தங்கள் பக்கம் சேர வேண்டும், டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்க உதவுவோம் என்று. பிரிட்டிஷ் உளவுப்பிரிவு அதன் ரகசியக் குறியீட்டை உடைத்துப் படித்து அமெரிக்காவிடம் கொடுத்தது. மார்ச் 1-இல் நாளிதழ்களில் வந்ததும் போலி என்று பலர் சந்தேகித்தார்கள். மறுத்திருந்தால் தப்பியிருக்கலாம், சிம்மர்மனோ இரண்டே நாளில் தாமே ஒப்புக்கொண்டார்!

அப்போதும் நாடு முழு மனதாக இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் போர் அறிவிப்பை 373 பேர் ஆதரிக்க, 50 பேர் எதிர்த்தார்கள். மே மாதமே கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.