தாய்மாமன் சீருக்கு வட்டிக்கு வாங்கலாமா?

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 39. சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே திருப்பூரில் இருக்கிறேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மனைவி பக்கத்துக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். ஒரே பெண் குழந்தை, இரண்டாம் வகுப்பு படிக்கிறது.

என் தங்கச்சி மகள் புரட்டாசியில் பெரிய மனுஷி ஆனாள். சேதி வந்ததும் ராத்திரி பஸ் பிடித்துப் போனேன். பச்சைத் தென்னங்கீற்று வெட்டிவந்து, யாரையும் தொடவிடாமல் நானே முடைந்து குச்சில் கட்டினேன். அதற்குள் உட்கார்ந்துகொண்டு பிள்ளை, "மாமா, ஒரு பக்கம் சாஞ்சிருக்கு" என்று கேலி செய்தது. அதுவரைக்கும் எல்லாம் சந்தோஷம்தான்.

தை மாதம் மண்டபம் பிடித்துச் சடங்கு வைக்கப் போகிறார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர்தான் விசேஷத்தில் பெரிய பேச்சு. போன வருஷம் மாப்பிள்ளையின் அண்ணன் மகளுக்கு நடந்தது. அந்தப் பிள்ளையின் மாமன் ஏழு பவுன் போட்டு, நூற்றியொரு தட்டோடு மினி லாரியில், கொட்டு மேளத்தோடு வந்து இறங்கினார். அதை வீடியோ எடுத்து இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். தங்கச்சி போனில், "அண்ணே, நீ அஞ்சு பவுனாவது போடு. இல்லேன்னா இந்த வீட்டுல நான் தலைநிமிர முடியாது" என்கிறது.

2010-ல் தங்கச்சிக்குக் கல்யாணம் செய்தபோது பவுன் 15,000 ரூபாய்கூட இல்லை. இப்போது, 2025 கடைசியில், 90,000-ஐத் தாண்டிவிட்டது. செய்கூலி, சேதாரம், பட்டு, தட்டு, வண்டி எல்லாம் சேர்த்தால் ஆறு லட்சத்தில் வந்து நிற்கிறது. இதில் அமெரிக்காக்காரன் 2025 ஆகஸ்ட் கடைசியில் வரியை 50 சதவீதம் ஆக்கியதிலிருந்து எங்கள் கம்பெனியில் ஆர்டர் விழுந்துவிட்டது. ஒன்றரை ஷிப்ட் பார்த்தபோது மாதம் 32,000 வரும். இப்போது ஒரு ஷிப்ட்தான், 21,000. வீட்டு லோன் தவணை 11,500. மனைவி நகை ஆறு பவுன் ஏற்கனவே பேங்கில் இருக்கிறது. "அதை மீட்டுட்டு யாருக்கு வேணும்னாலும் செய்யுங்க" என்கிறாள். தெரிந்த ஒருவர் மூணு வட்டிக்குத் தருகிறேன் என்கிறார்.

அப்பா 2019-ல் தவறிவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. ஒன்றரை ஏக்கர் மானாவாரியும் வீடும் என் பெயருக்கு வர அம்மாவும் தங்கச்சியும் ரிஜிஸ்டர் ஆபீஸில் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். தங்கச்சி பத்துப் பைசா கேட்கவில்லை. அந்த நிலத்தை விற்றுத்தான் இங்கே இடம் வாங்கினேன்.

இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை. தங்கச்சி நம்பர் போனில் வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. ஈசிஜி எடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்றுவிட்டார்கள். மருமகள் அன்றைக்குப் பேசினாள், "மாமா, பஸ் ஸ்டாண்டுல பேனர் வைக்க வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க, ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்க" என்றாள். எனக்கு இருக்கிற கவலையில் சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

வட்டிக்கு வாங்கிச் செய்துவிடலாமா? இல்லை, வேலையைக் காரணம் சொல்லி அந்த நாளில் போகாமலேயே இருந்துவிடலாமா?

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன், திருப்பூர்

பதில்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் இரண்டு கேள்விக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வட்டிக்கு வாங்காதீர்கள். போகாமலும் இருக்காதீர்கள்.

ஆறு லட்சத்துக்கு மூணு வட்டி என்றால் மாதம் 18,000. அசலில் ஒரு ரூபாய் குறையாமல் வட்டிக்கு மட்டும் இது. அதோடு வீட்டுத் தவணை 11,500 சேர்த்தால் 29,500. உங்கள் கைக்கு வருவது 21,000. ஒன்றரை ஷிப்ட் திரும்ப வந்து 32,000 வாங்கினாலும் மிச்சம் 2,500-தான். இந்தக் கணக்கைத் துணிக்குக் கணக்குப் போடுகிற நீங்கள் போட்டுப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். போட்டுப் பார்த்த பிறகும் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள் என்றால், உங்களைத் தள்ளுவது பணமோ ஊர்ப் பேச்சோ மட்டும் இல்லை.

பவுனைப் பற்றி, தட்டைப் பற்றி, மினி லாரியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சி போட்ட கையெழுத்தைப் பற்றிச் சில வரிதான். "பத்துப் பைசா கேட்கவில்லை" என்று எழுதிவிட்டு, உடனே தூக்கத்துக்குத் தாவிவிட்டீர்கள். எனக்கு என்னவோ உங்கள் தூக்கம் போன இடம் அதுதான் என்று படுகிறது.

தாய்மாமன் சீர் ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? நிலம் ஆண் வாரிசுக்கு, பெண்ணுக்கு நகையும் சீரும் என்றுதான் நம் வீடுகளில் வெகுகாலம் நடந்தது. பிறந்த வீட்டில் அவளுக்குப் பங்கு இல்லை என்பதை ஈடுகட்டத்தான் தலைப்பிரசவம், காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று ஆயுசு முழுக்க அண்ணன் தம்பி செய்துகொண்டே இருந்தார்கள். பிறகு சட்டம் மாறியது. உயில் இல்லாமல் அப்பா இறந்தால் அவர் தேடிய சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்பது 1956 வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு உரிமை என்று தமிழ்நாடு 1989-ல் கொண்டுவந்தது, நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. ஆனால் பாதி வீடுகளில் என்ன நடக்கிறது? பெண் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். சீர் மட்டும் பழையபடி தொடர்கிறது.

உங்கள் தங்கச்சியும் அதைத்தான் செய்தார். இனி சட்டப்படி உங்களிடம் அவர் கேட்க ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அவர் விட்டுக்கொடுத்தது ரிஜிஸ்டர் ஆபீஸில் நாலு பேருக்குத் தெரியும். அதற்குப் பதிலாக அண்ணன் தன்னை மறக்கவில்லை என்பது ஊருக்குத் தெரிகிற ஒரே இடம் சீர்த்தட்டுதான். புகுந்த வீட்டில் ஏழு பவுன் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் "அஞ்சு பவுனாவது" என்றதை நான் பேராசை என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். நீங்களும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் போன் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது.

ஆகவே இந்த விஷயத்தைச் சீர் பேரமாகப் பேசினால் எங்கேயும் போய்ச் சேராது. அவர் ஐந்து என்பார், நீங்கள் இரண்டு என்பீர்கள், நடுவில் அம்மா அழுவார். தங்கச்சியை நேரில் பாருங்கள். போனில் வேண்டாம், மாப்பிள்ளை வீட்டார் இருக்கும்போதும் வேண்டாம். முதலில் கையெழுத்தைப் பற்றிப் பேசுங்கள். "நீ அன்னைக்குப் போட்டுக் கொடுத்ததாலதான் எனக்கு ஒரு இடம் அமைஞ்சது. அதை நான் ஒரு நாளும் உங்கிட்டச் சொன்னதில்ல." இதற்கு வட்டி கிடையாது. இதைக் கேட்கத்தான் அவர் இத்தனை வருஷம் காத்திருந்திருக்கலாம்; அழலாம், கோபமும் படலாம். அவசரப்பட்டு அடுத்த பேச்சுக்குப் போகாதீர்கள்.

அதன் பிறகு சம்பளக் கணக்கை அப்படியே திறந்து காட்டுங்கள். கம்பெனியில் ஷிப்ட் குறைந்ததை அவரிடம் சொன்னீர்களா? கடிதத்தைப் பார்த்தால் சொன்ன மாதிரித் தெரியவில்லை. திருப்பூரில் இடம் வாங்கிய அண்ணனைத்தான் அவருக்குத் தெரியும், 21,000 ரூபாய் அண்ணனைத் தெரியாது. தெரியாதவர் ஐந்து பவுன் கேட்டதில் என்ன தப்பு?

இப்போது உங்களால் முடிந்தது ஒரு பவுன் என்றால் ஒரு பவுன். பட்டு எடுங்கள், தட்டு தூக்குங்கள், மேளம் வைத்தே போங்கள். மேளத்துக்கு லட்சக்கணக்கில் ஆகாது, தங்கச்சி வாசலில் அந்தச் சத்தம் கேட்பது அவருக்கு முக்கியம். மிச்சத்தைச் செய்யாமல் விடுகிறேன் என்று சொல்லாதீர்கள், வேறு மாதிரிச் செய்கிறேன் என்று சொல்லுங்கள். தபால் ஆபீஸில் ஐந்து வருட ஆர்.டி. இருக்கிறது. பத்து வயது தாண்டிய பிள்ளை தன் பெயரிலேயே கணக்குத் தொடங்கலாம். மாதம் 2,000 போட்டால் அவள் காலேஜ் போகிற சமயத்தில் 1,20,000-மும் வட்டியும் கையில் இருக்கும். இப்போது 2,000 முடியாது என்றால் 1,000. ஆனால் ஒன்று: சீரைத் தட்டிக்கழிக்க இதை ஒரு சாக்காகச் சொல்வதாக இருந்தால் சொல்லவே வேண்டாம். மூன்றாம் மாதம் தவணை நின்றால் உங்கள் பேச்சுக்கு அப்புறம் மதிப்பே இருக்காது.

விசேஷமே வேண்டாம், எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று தங்கச்சி வீட்டாருக்குப் புத்தி சொல்லப் போகாதீர்கள். உங்கள் பக்கத்துச் செய்முறை எனக்குக் கொஞ்சம் தெரியும். ஊரெல்லாம் எழுதிய மொய் திரும்பி வர ஒரு குடும்பத்துக்கு வாழ்க்கையில் இரண்டு மூன்று சந்தர்ப்பம்தான் உண்டு. விசேஷம் ஒன்றும் இல்லாதவர்கள் அதற்காகவே வசந்த விழா வைக்கிற ஊர். மாப்பிள்ளைக்கும் வரவேண்டிய பாக்கி இருக்கும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் நீங்கள் தலையிட வேண்டும். பேனர். அந்தப் பிள்ளைக்கு 12, 13 வயது இருக்குமா? தன் உடம்பில் நடந்த ஒன்றைத் தன் போட்டோவோடு பஸ் ஸ்டாண்டில் தொங்கவிடாதீர்கள் என்று கேட்கிறாள். அம்மாவிடம் சொல்ல முடியாததை, குச்சில் சாய்ந்திருக்கிறது என்று கேலி செய்கிற உரிமையில் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அந்தச் சடங்கில் தாய்மாமன் பேச்சுக்கு இருக்கிற மரியாதை வேறு யாருக்கும் கிடையாது. ஐந்து பவுன் போட முடியாதே என்று குன்றிப்போய் இருப்பவர், கையில் இருக்கிற அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் "சரிம்மா" என்று போனை வைத்துவிட்டீர்கள். தங்கச்சியைப் பார்க்கப் போகிற அன்றைக்கே இதையும் சொல்லிவிடுங்கள். பேனர்ச் செலவும் மிச்சம்.

மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த ஆறு பவுன் அவருடையது, அது எப்போது வீட்டுக்கு வரும் என்று அவருக்கு ஒரு தேதி சொல்லுங்கள். ஊருக்குக் கிளம்பும் முன் இருவருமாக உட்கார்ந்து, எவ்வளவு செய்யப் போகிறோம் என்று முடிவெடுங்கள். இன்னொன்றையும் அன்றைக்குப் பேசிவிடுவது நல்லது. உங்கள் மகளுக்கு ஏழு வயது. இன்னும் சில வருஷத்தில் உங்கள் மச்சினன் உங்கள் வீட்டு வாசலுக்குச் சீர் கொண்டுவருவார். அவரிடம் எத்தனை பவுன் எதிர்பார்க்கிறீர்கள்? இருவரும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தொகை எனக்கு வேண்டாம், உங்களுக்குள் இருக்கட்டும்.

தங்கச்சி கோபப்பட்டுச் சில மாதம் பேசாமல் போகலாம். மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். அதைத் தாங்க முடியாமல் சடங்குக்கு முந்தின வாரம் அந்த மூணு வட்டிக்காரரிடம் ஓடுவீர்களோ என்பதுதான் என் பயம். அதனால் அவருக்கு இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தூக்கத்தைப் பற்றி. ஈசிஜி சரியாக இருப்பது நல்லது, ஆனால் இரண்டு மாதம் தூங்காத மூளைக்கு எந்த முடிவும் ஒழுங்காக எடுக்க வராது. தங்கச்சியிடம் பேசிய பிறகும் தூக்கம் திரும்பவில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். "நான் இருந்து என்ன" என்பது மாதிரி ஏதாவது தோன்றினால் அந்த நிமிஷமே மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்குள் ஊருக்குப் போய்விடுங்கள். தாய்மாமன் பெயரோடு சீர் விவரமும் வெளியே பேச்சாகிவிட்டால், பிறகு தங்கச்சி நினைத்தாலும் இறங்கிவர முடியாது.