மூன்றரைக் கட்டை உண்டா? மைக்செட்காரரிடம் சில கேள்விகள்

இந்த மாதம் நான் கேட்டது மூன்று. கர்நாடக சங்கீதப் பாடகர் மதுரை மணி ஐயரின் கச்சேரி ஒன்று, சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்களின் நாகசுரம், அப்புறம் என்னிடம் இருக்கும் பழைய கேசட்டில் விடிய விடிய நடந்த ஒரு வள்ளி திருமணம் நாடகம். முதலில் மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ரெக்கார்டிங் கடையில் கேசட் பதிந்து கொடுத்தேன், பிறகு முப்பது வருடம் மைக்செட். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த ஹெட்போன் வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

திருநகர்: மணி ஐயரைக் கேட்டதே இல்லை ஐயா. எங்கே தொடங்கலாம்?

மேடைக் கச்சேரியில் தொடங்குங்கள். மோகன ராகத்தில் பாபநாசம் சிவனின் 'கபாலி' கிடைத்தால் முழுசாகக் கேளுங்கள். ச ரி க ம என்று ஸ்வரம் பாடும் இடம் வந்ததும் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுங்கள். கணக்குப் போட்டு, கடைசியில் 'டக்'கென்று முடித்துக் கைதட்டல் வாங்குகிற ஸ்வரம் இல்லை அது. சர்வலகு என்பார்கள், தாளத்தின் நடையோடு ஒட்டி ஓடிக்கொண்டே இருக்கும், எங்கே மூச்சு விட்டார் என்றே தெரியாது. ஒரு கல்யாண வீட்டில் அதிகாலையில் இதைப் போட்டேன். இட்லி ஊற்றிக்கொண்டிருந்த சமையல்காரர் கரண்டியால் அண்டாவின் விளிம்பில் தாளம் போட ஆரம்பித்தார். அவருக்கு ராகம் தாளம் எதுவும் தெரியாது, நான் விசாரித்தேன்.

அடுத்தது 'எப்போ வருவாரோ'. கோபாலகிருஷ்ண பாரதியின் பாட்டு, ஜோன்புரி ராகம். கடைசியாக 'இங்கிலீஷ் நோட்டு' என்கிற அந்த மெட்டு. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் பேண்டு வாத்திய பாணியில் போட்டது. மணி ஐயர் வாயில்தான் ஊரெல்லாம் பரவியது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம், எழுந்து நடந்து காட்டுவார்கள்.

மணி ஐயர் 1912இல் பிறந்தவர், 1968இல் போனார். 1959இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது. பெரிய குரல் கிடையாது. அதனால் முதல் பத்து நிமிடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு எச்சரிக்கை: கேட்கும் பதிவு சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வில்லாபுரம்: மணி ஐயரா, மதுரை சோமுவா? யார் பெரியவர்?

இந்தச் சண்டைக்கு நான் வரவில்லை தம்பி. சோமு என்றால் 1972இல் வந்த 'தெய்வம்' படத்தின் 'மருதமலை மாமணியே' மட்டும் தெரிந்தவர்கள் அவர் கச்சேரியில் 'என்ன கவி பாடினாலும்' கேளுங்கள். இரவு, விளக்கை அணைத்துவிட்டு.

ஆரப்பாளையம்: வேகம் சரியில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி. போனில் தம்பூரா ஆப் ஒன்றை இறக்குங்கள். பதிவில் கேட்கும் தம்பூராவோடு ஒத்துப்போகும்வரை கட்டையை, அதாவது சுருதியின் உயரத்தை, மாற்றிப் பாருங்கள். ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள், பெண்கள் நாலரையிலிருந்து ஐந்தரைக்குள் பாடுவார்கள். ஒரே பாடகர் ஒரு பதிவில் ஒன்றரை, இன்னொன்றில் இரண்டரை என்றால் யாரோ டேப்பைத் தப்பான வேகத்தில் ஓட்டிப் பதிந்திருக்கிறார்கள். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினால் அரைக் கட்டை ஏறும். இரண்டு மணி நேரக் கச்சேரியில் ஏழு நிமிடம் காணாமல் போகும்.

பழைய இசைத்தட்டு விஷயம் வேறு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். அதற்குள் முடிக்க அவர்களே அவசரமாகத்தான் பாடினார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா பத்து வயதில் கொடுத்த தட்டும் அந்தக் கணக்குதான். அது இயந்திரத்தின் தப்பு இல்லை.

அவனியாபுரம்: எந்த ஹெட்போன் வாங்கலாம்?

மேலே படிக்கவும்.

மேலூர்: எங்கள் தாத்தா நாடகத்தில் ராஜபார்ட், கதாநாயகன் வேஷம். மூன்றரைக் கட்டையில் பாடுவார் என்று ஊரே சொல்லும். அவர் மாதிரி யார் பாடியதைக் கேட்கலாம்?

மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் பாய் விரித்துப் படுத்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்று மேலே வைத்துப் பாடியவர்கள் அவர்கள். நாடக மேடையில் பாடி நடித்த கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் இசைத்தட்டுகளைத் தேடுங்கள். ஆனால் தாயி, மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. கட்டை என்பதே ஆர்மோனியத்தின் மரக்கட்டை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை உண்டு, அது ஒன்றரை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இரண்டரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பே இல்லை. மூன்றிலிருந்து நாலுக்குப் போவதே அரைக் கட்டை தூரம்தான்.

சோழவந்தான்: நான் மிருதங்கம் வாசிப்பவன் அண்ணே. தம்பூராவை எங்கே வேண்டுமானாலும் சேர்க்கலாமே. மூணுக்கும் நாலுக்கும் நடுவில் சத்தமே இல்லையா?

சத்தம் இருக்கிறது. கட்டை இல்லை.

செல்லூர்: எங்கள் பாட்டு வாத்தியார் என்னை "ஏழரைக் கட்டை" என்பார். அதுவும் பொய்யா?

ஏழுக்கு அடுத்து மறுபடி ஒன்று வந்துவிடும். ஏழரை சனிக்கு மட்டும்தான். அவர் உங்கள் சுருதியைச் சொல்லவில்லை.

மேலூர்: தாத்தாவைப் பொய்யர் ஆக்காதீர்கள். அவருக்கு வாசித்த ஆர்மோனியக்காரரே சொல்லியிருக்கிறார்.

பொய் என்று சொல்லவில்லை தாயி. அந்தப் பெட்டி எங்கே?

மேலூர்: எங்கள் வீட்டுப் பரணில்.

இறக்கிப் பாருங்கள். அதுவரை மற்றவர்களுக்குப் பதில் சொல்கிறேன்.

திருப்பரங்குன்றம்: நாகசுரத்தில் ஏதாவது?

சேதுராமன் பொன்னுசாமி. 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி கையில் இருந்த நாகசுரத்தின் சத்தம் இவர்களுடையதுதான். படத்தோடு நிறுத்திவிடாமல் இவர்களின் ராக ஆலாபனையைத் தேடுங்கள். இதை ஹெட்போனில் கேட்காதீர்கள். ஸ்பீக்கரை அடுத்த அறையில் வைத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். வெட்டவெளிக்கான வாத்தியம் அது.

உசிலம்பட்டி: பழைய கேசட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. போடலாமா?

நல்ல பிளேயரில் போடாதீர்கள், அந்தப் பூஞ்சை அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். மட்டமான பழைய பிளேயர் ஒன்றில் முன்னும் பின்னும் இரண்டு தடவை சுற்றுங்கள். ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, ஓடும் முதல் தடவையே போனிலோ கம்ப்யூட்டரிலோ பதிந்துகொள்ளுங்கள். இரண்டாவது தடவை ஓடாமல் போகலாம். பதிந்ததும் வேகத்தைப் பாருங்கள்.

தேனி: இளையராஜா பற்றி ஒன்றுமே இல்லையே?

பண்ணைப்புரம் பக்கம் திரும்பினால் இன்று விடிந்துவிடும். தனியாக ஒரு நாள்.

பழங்காநத்தம்: எந்த ஆப்பில் கேட்டால் நல்ல...

அடுத்தது.

கூடல்நகர்: ப்ளூடூத் ஹெட்போன்...

அடுத்தது!

மேலூர்: பெட்டியை இறக்கிவிட்டேன். நீங்கள் சொன்னது சரிதான், மூணுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பு இல்லை. ஆனால் நாலாவது கட்டையில் சாக்பீஸ் கோடு போட்டிருக்கிறது. அதை அழுத்திப் போனில் பார்த்தால் நாலு வரவில்லை. நாலுக்குக் கீழே, மூணுக்கு மேலே நிற்கிறது.

இதைத்தான் எதிர்பார்த்தேன். உள்ளே சத்தம் கொடுக்கும் பித்தளை நாக்குதான் ரீடு, அதில் களிம்பும் அழுக்கும் ஏறினால் சுருதி இறங்கும். மற்ற கட்டைகளையும் அழுத்திப் பாருங்கள், எல்லாமே அதே அளவு இறங்கியிருக்கிறதா?

மேலூர்: ஏறத்தாழ அப்படித்தான்.

அப்படியென்றால் பெட்டி முழுக்க ஒரே மாதிரி இறங்கியிருக்கிறது. அதில் நாலு என்பது வேறு பெட்டியில் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் வரும். ஆர்மோனியக்காரர் மூன்றரை என்று சொன்னது இதைத்தானோ என்னவோ, நான் தோற்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியைத் துடைத்து வையுங்கள். சுருதி சேர்த்துத் தருகிறேன் என்று யார் வந்தாலும் கொடுக்காதீர்கள்.